என் முதுகும் அவள் பாலும்

என் மகளுக்குப் பாலை எந்த நாளில் நிறுத்தியிருக்க வேண்டும்? டாக்டர் சொன்ன அன்றைக்கேவா, ஆறு மாதம் முடிந்த பிறகா, இல்லை, நிறுத்தாமலே இருந்திருக்கலாமா? அவளுக்கு இப்போது இரண்டரை வயது. மாடிப்படியில் ஏறுகிறாள், இறங்குகிறாள், யார் கூப்பிட்டாலும் நிற்காமல் ஓடுகிறாள். என் முதுகெலும்பில் நான்கு துண்டுகள் நசுங்கியிருக்கின்றன. மூன்று, எனக்குத் தெரியாமலே நசுங்கியவை. நான்காவது, எல்லாம் தெரிந்த பிறகு நசுங்கியது. அந்த நான்காவதைத் தடுத்திருக்க முடியுமா என்று நான் கேட்காத டாக்டர் இல்லை. "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்பதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. அதனால் அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது. குழந்தை தூங்கும்போது வரும், சோறு வடிக்கும்போது வரும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். இயற்பியலில் பட்டம் வாங்கிய கையோடு, கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு கம்பெனியில் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தேன். போனுக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டுகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. தங்கியது மண்ணூரில், பெண்கள் ஹாஸ்டலில். எங்கள் அறையில் இருந்த எல்லாருமே நைட் ஷிப்ட். பகலில் தூங்க வேண்டும் என்பதால் ஜன்னல் கண்ணாடி முழுக்க நாளிதழை ஒட்டியிருந்தோம். சாயங்காலம் பஸ் ஏறும்போது வெயில் இறங்கியிருக்கும். காலையில் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், கறுத்துவிடக் கூடாதே என்று துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஹாஸ்டலுக்கு ஓடுவோம். கம்பெனிக்குள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி. இப்படி ஐந்தாறு வருடம்.

நைட் ஷிப்டை யாரும் என் மேல் திணிக்கவில்லை. கூடுதல் பணம் வரும் என்று நானே கேட்டு வாங்கினேன். கேண்டீனில் சாப்பாடு நன்றாகவே இருக்கும். தயிர் வைப்பார்கள், சில நாள் முட்டை இருக்கும். ஆனால் ராத்திரியில் தயிர் சாப்பிட்டால் லைனில் உட்கார்ந்து போர்டு பார்க்கும்போது தூக்கம் தள்ளும் என்று எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுவோம். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தயிர்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு டீயும் பன்னும் சாப்பிட்டு வேலைக்குத் திரும்புவோம். எலும்பு கெட்டிப்படுகிற வயது அதுதான் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தத் தயிர்க் கிண்ணங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன.

கணவர் எனக்கு ஷிப்ட் பஸ் நிற்கிற டீக்கடையில்தான் பழக்கம். வடக்குப்பட்டுக்காரர், ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். அத்தை, அதாவது மாமியார், நிலம் இருந்தவரை கழனி வேலை பார்த்தவர். நிலம் போன பிறகு ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டின் மேல்மாடியில் நாங்கள், கீழே அத்தை. சாப்பாடு ஒரே அடுப்பில்.

முறைப்படி முதல் பிரசவம் அம்மா வீட்டில் நடந்திருக்க வேண்டும். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டதால் அம்மாவால் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அதனால் இங்கேயே பெற்றேன். கடைசி மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறியதால் சிசேரியன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். அந்த ஊசியை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் எல்லாருடைய கண்ணையும் அதுதான் மறைத்தது.

குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்து முதுகு வலிக்க ஆரம்பித்தது. முதலில் உட்கார்ந்து பால் கொடுத்தால் வலித்தது. பிறகு எழுந்தால் வலித்தது. பிறகு இருமினால்கூட.

"இன்னாமா, இன்னும் எழுந்துக்க முடியலையா?" என்று அத்தை கேட்டார்.

"முதுகு வலிக்குது அத்தை."

"வலிக்காம இன்னா செய்யும்? முதுகுல ஊசி போட்டானுங்கல்ல. எங்க அக்கா பொண்ணுக்குப் போட்டு பத்து வருசத்துக்கு மேல ஆவுது, இன்னும் மழ வந்தா வலிக்குதுன்றா. அது ஆயுசுக்கும் கீது."

பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு ஊசிக்கே இப்டி ஆயிட்டியா? எனக்கு ரெண்டு புள்ளைக்கு ரெண்டு ஊசி. ரெண்டாவது ஊசி போட்ட டாக்டரு கை வேற நடுங்குச்சு. நான் வேலைக்குப் போகல?"

"உன் முதுகும் அவ முதுகும் ஒண்ணா?" என்று அத்தை எனக்காகப் பேசினார். "அவ படிச்ச பொண்ணு."

மருந்துக்கடைக்காரரும் "சிசேரியனா?" என்றுதான் கேட்டார். ஆமாம் என்றதும் வேறு எதுவும் கேட்காமல் தைலத்தையும் இடுப்புப் பட்டையையும் எடுத்து வைத்தார். கம்பெனித் தோழிகளிடம் போனில் சொன்னால், ஆளுக்கொரு ஊசிக் கதை வைத்திருந்தார்கள். அந்தக் கதைகளில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. எல்லாருக்கும் வருகிற வலி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. குழந்தையின் ஒரு சின்னத் தும்மலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். தடுப்பூசி ஒரு நாள் தள்ளிப்போனதற்கு அழுதவள். என் முதுகை மட்டும் ஒருவரிடமும் காட்டவில்லை. போர்டுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. குடிக்கக் கேன் தண்ணீர்தான். அன்று கணவருக்குக் காலை ஷிப்ட், அத்தையும் வேலைக்குப் போயிருந்தார். கேன் போடுகிறவர் அதை மாடிப்படிக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே பானையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எப்படி எடுக்கும் என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியும். கேனை உருட்டியே உள்ளே கொண்டுவந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூடியைத் திறந்து சாய்த்து ஒரு சொம்பு பிடித்திருக்கலாம். அதைத் தூக்கிப் பானை மேல் கவிழ்க்கப் பார்த்தேன்.

அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். காதில் கேட்டதா, உடம்புக்குள் கேட்டதா என்று தெரியவில்லை. கேன் கையை விட்டு விழுந்து தண்ணீர் அறை முழுக்க ஓடியது. நான் அந்த ஈரத்திலேயே படுத்துவிட்டேன். கட்டிலில் குழந்தை விழித்து அழுதது. தவழ்ந்து போய்க் கட்டில் காலைப் பிடித்து நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. விரிப்பின் நுனியைப் பிடித்து அவளை என் பக்கம் மெல்ல இழுத்து, மார்போடு சரித்துத் தரையில் படுத்தபடியே பால் கொடுத்தேன். அத்தை வந்து பார்த்தபோது இருவரும் அப்படியே கிடந்தோம்.

"அய்யய்யோ! இன்னாடி இது? கேனைத் தூக்கினியா? ஒரு வேளை தண்ணி குடிக்காட்டி செத்தா பூடுவே?" என்று கத்திக்கொண்டே குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மகனுக்குப் போன் போட்டார். அதே கையோடு, தரையில் ஓடிய தண்ணீரை என் மேல் படாமல் துணியால் தள்ளினார்.

ஸ்ரீபெரும்புதூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்தவர் என்னை ஒரு முறை பார்த்தார், பெயரையும் வயதையும் சரிபார்த்தார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே எலும்பின் அடர்த்தியை அளக்கிற ஸ்கேன். வலிக்கவே வலிக்காது. சும்மா படுத்திருக்க வேண்டும், மேலே ஒரு கை மாதிரி மெதுவாக நகர்ந்து போகும். அன்று என்னோடு வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் தலை நரைத்தவர்கள். அவர்களில் ஒரு அம்மா "யாருக்கும்மா துணைக்கு வந்திருக்கே?" என்று என்னைக் கேட்டார்.

எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு பெண். குரலை உயர்த்தாமல் பேசினார். "மூணு எலும்பு நசுங்கியிருக்கு. ஊசியால வந்ததில்ல இது. அந்த ஊசி எலும்பை ஒண்ணும் பண்ணாது. உங்க எலும்பே மெலிஞ்சு போயிருக்கு."

"எனக்கு இருபத்தேழு வயசுதான் டாக்டர்."

"தெரியும். ரொம்ப அபூர்வமாத்தான் இந்த வயசுல பார்ப்போம். குழந்தை எலும்புக்கு வேணுங்கிற சுண்ணாம்புச் சத்து அம்மாகிட்டேர்ந்துதான் போகுது. வயித்துல இருக்கும்போதும் போகும், பால் வழியாவும் போகும். எல்லா அம்மாவுக்கும் எலும்பு கொஞ்சம் குறையும், பால் நிறுத்தினதும் திரும்ப ஏறிடும். உங்களுக்கு டேங்க் ரொம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு குழாயைத் திறந்து விட்டாச்சு. இப்ப ஒரு குழாயையாவது மூடணும்."

எந்தக் குழாய் என்று எனக்குப் புரிந்தது. குழந்தைக்கு அப்போது நாலு மாதம் நிறையவில்லை. "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்னு புத்தகத்துல போட்டிருக்கு டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல் மாதிரி கேட்டது.

"அது சரிதான். வர்ற எல்லார்கிட்டயும் நான் அதைத்தான் சொல்றேன். உங்ககிட்ட சொல்லல. இந்த வாரத்துலேர்ந்து குறைச்சு, ரெண்டு வாரத்துல நிறுத்திடுங்க. உங்களுக்கு பிரஷர் இருந்ததால பால் வத்துறதுக்கு மாத்திரை நான் தர மாட்டேன். பால் நின்னாத்தான் எலும்பு ஏத்துற மருந்தை ஆரம்பிக்க முடியும்."

பிறகு கணவரையும் என்னையும் பார்த்து "இன்னொரு குழந்தை வேணும்னு யோசனை இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மடியில் இருந்தவளுக்கே இன்னும் தலை நிற்கவில்லை. இருவகை மருந்து இருக்கிறதாம். ஒன்று எலும்புக்குள்ளேயே போய் வருடக்கணக்கில் தங்கிவிடும், மறுபடி கர்ப்பம் தரிக்க நினைக்கிறவர்களுக்கு அதைக் கொடுக்கத் தயங்குவார்களாம். இன்னொன்று தினமும் வயிற்றில் போட்டுக்கொள்கிற ஊசி. "ஊசியே இருக்கட்டும் டாக்டர்" என்றார் கணவர். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வழி சொன்னார். "இதுக்கா இவ்ளோ யோசிக்கிறீங்க? மல்லிப்பூ வாங்கி மாருல கட்டு. நாலு நாளுல பால் வத்திடும்."

அத்தைக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "வாயைக் கழுவு மொதல்ல. புள்ள செத்தவ கட்டுற பூவு அது. இங்க எம் பேத்தி குத்துக்கல்லாட்டம் கீறா. உசுரோட கீற புள்ளைக்கு எவளாவது பூ கட்டுவாளா?"

"ஊர்ல நாலு பேரு செய்றதைத்தான் சொன்னேன்."

"நான் கட்டிகினு இருந்தவ. எனக்குத் தெரியாதா?"

கணவருக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்துபோனது என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். அத்தை எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். சத்தம் கீழ்வீட்டிலிருந்து ரொம்ப நேரம் கேட்டது.

போனில் அம்மா வேறு விதமாகப் பேசினாள். "ஏட்டி, டாக்டரம்மா சொல்லுதாவன்னு சட்டுனு நிறுத்திராத. ஆறு மாசம் கொடுத்துட்டன்னா பிள்ளைக்கு ஒரு நோக்காடும் அண்டாது. உனக்கு நான் ரெண்டு வருசம் கொடுத்தேன். என் எலும்பு என்ன ஒடிஞ்சா போச்சு?"

"உனக்கு ஒடியல. எனக்கு ஒடிஞ்சிருக்கும்மா."

"அதுக்குத்தான் சொல்லுதேன், பாலைக் குடி, முருங்கைக்கீரையைத் தின்னு. பச்சப்பிள்ள வாயைக் கட்டாத."

கம்பெனி லைனில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு போர்டை நல்லது என்றும் சொல்ல முடியவில்லை, கெட்டது என்றும் சொல்ல முடியவில்லை என்றால் ஹோல்ட் தட்டில் வைத்துவிடலாம். யாராவது மேலே இருக்கிறவர் வந்து முடிவு சொல்வார். அதுவரை அது நம் பொறுப்பில்லை. வீட்டிலும் நான் அதையே செய்தேன். பகலில் பவுடர் பால், காலையிலும் சாயங்காலத்திலும் தாய்ப்பால், அவள் சிணுங்கினால் இடையில் இன்னொரு தடவை. மெல்ல மெல்லக் குறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டாக்டர் பேச்சையும் கேட்டாயிற்று, அம்மா பேச்சையும் கேட்டாயிற்று, புத்தகத்தையும் பாதி மதித்தாயிற்று. ரெண்டு வாரம் ஐந்து வாரம் ஆனது. எலும்பு ஏற்றுகிற ஊசி ஆரம்பிக்கப்படவே இல்லை.

அந்தக் காலை வேளைகளைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் குடிக்கும்போது ஒரு கையால் என் காதைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கைக்காகவே நான் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளினேனோ என்னவோ. ஆறு மாதம், சத்து, எதிர்ப்புச் சக்தி என்று நான் வெளியில் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை மட்டும்தானா என்று இப்போது தெரியவில்லை.

இரண்டு வகைப் பாலும் குடித்து அவள் நன்றாக எடை போட்டாள். ஒரு மதியம் புடவைத் தூளியில் தூங்கி எழுந்தாள். குனியக் கூடாது, குனிந்து எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தூளி தாழ்வாகத் தொங்கியது. அத்தைக்கு அன்று லீவு, கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். நான் குனிந்து தூளிக்குள் கையை விட்டு அவளை எடுத்தேன். இந்த முறை சத்தம் கேட்கவில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவில் யாரோ சூடு வைத்தது போல இருந்தது. அவளைக் கீழே போடவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் சரியாகச் செய்தது.

நான்காவது எலும்பு. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "பால் நிறுத்தியாச்சா?" என்று கேட்டார்.

"குறைச்சிருக்கேன் டாக்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி" என்று மட்டும் சொல்லி, என் உயரத்தை அளக்கச் சொன்னார். குறைந்திருந்தது. சில நாட்களாகச் சுடிதார் பேன்ட் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்ததை நான் இடுப்பு நாடா தளர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அத்தை வேலையிலிருந்து வரும்போது ஒரு பெரிய பொட்டலம் மல்லிப்பூ வாங்கிவந்தார். படியேறி வந்து, என் தலையில் ஒரு முழம் வைத்தார். ஒரு சின்னத் துண்டை எடுத்துக் குழந்தையின் பிஞ்சு முடியில் கிளிப் போட்டுச் செருகினார். அது நிற்காமல் சரிந்தது, மறுபடி செருகினார். சாமி படத்துக்கு ஒரு சரம். மாமனார் படத்துக்கு ஒரு சரம். பொட்டலத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"தலைக்கு வச்சாச்சு, சாமிக்குப் போட்டாச்சு, உங்க மாமனுக்கும் போட்டாச்சு. இது மீந்த பூவு. மீந்ததை இன்னா பண்றது, குப்பையிலயா கொட்டுறது?" என்றார். என்னிடம் சொன்னாரா, சாமி படத்திடம் சொன்னாரா தெரியவில்லை. "ஜாக்கெட்டைக் கழட்டு."

பழைய புடவையைக் கிழித்து வைத்திருந்தார். பூச்சரத்தைச் சுற்றிச் சுற்றி மார்பில் வைத்து, மேலே துணியை இறுக்கிக் கட்டினார். அவர் கைக்கு அது பழக்கமான வேலையாக இருந்தது. எங்கே முடிச்சுப் போட்டால் அழுத்தாது என்று தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கட்டி முடித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு "வா கண்ணு, நம்ம கீய போவலாம். இங்க அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்று இறங்கிப் போனார்.

அடுத்தடுத்த நாட்களும் அதே மாதிரி. ஒவ்வொரு நாளும் புதுப் பூ, ஒவ்வொரு நாளும் முதலில் என் தலைக்கு, குழந்தைக்கு, சாமிக்கு, மாமனாருக்கு, பிறகு மீந்தது. ஒரு நாள்கூட அந்த வரிசையை அவர் மாற்றவில்லை. கணவர் ஷிப்ட் முடிந்து வந்து "இன்னாம்மா, வூடே கல்யாண வூடாட்டம் மணக்குது" என்றார். அத்தை "வாயை மூடிகினு துன்னு" என்றார். பால் கட்டி இரண்டு நாள் காய்ச்சல் வந்தது. பிறகு வற்றியது.

குழந்தை அழுவாள் என்று பயந்திருந்தேன். அவள் அழவில்லை. அத்தை மடியில் படுத்துப் புட்டியைப் பிடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் குடித்தாள். அழுதிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். அழாததற்கும் வருத்தப்பட்டேன். அவளுக்கு ஒரு சளி பிடித்தாலும், பால் நிறுத்தியதாலோ என்று தோன்றும். என் முதுகு ஒரு நாள் அதிகமாக வலித்தாலும், பாலை முன்னாலேயே நிறுத்தாததாலோ என்று தோன்றும். இரண்டு பக்கமும் சரியாகச் செய்யவில்லை. அவளுக்கு முழு ஆறு மாதமும் கிடைக்கவில்லை, எனக்கு நான்காவது எலும்பும் தப்பவில்லை.

ஊசி ஆரம்பித்தது. பேனா மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். முதல் வாரம் கணவர் போட்டுவிட்டார். பிறகு நானே போடப் பழகிக்கொண்டேன். வாரம் ஒரு பொட்டலம் வைட்டமின் பொடியைப் பாலில் கலந்து குடிக்க வேண்டும். தினமும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. வெயில் ஏறிய பிறகு கையும் காலும் வெயிலில் படும்படி மொட்டை மாடியில் கொஞ்ச நேரம். வலி குறைந்ததும் நடை, முதுகை நிமிர்த்துகிற பயிற்சிகள்.

"இன்னா, வத்தல் காயப் போட்டாப்ல உக்காந்துகினு கீறே?" என்று பக்கத்து மாடியிலிருந்து அந்த அக்கா கேட்பார். "கல்யாணத்துக்கு வந்தப்ப எவ்ளோ செகப்பா இருந்தே!"

குன்றத்தூரில் கோயிலுக்குப் போயிருந்தபோது ஒரு இலவச முகாமில் குதிகாலை ஒரு மிஷினில் வைத்து எலும்பைப் பார்த்தார்கள். அத்தையை நான்தான் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தேன். அவருக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் அதுதான் பேச்சு. "கெழவி எலும்பு கருங்கல்லு. உன்னுது டீக்கடை பொறை, தொட்டா ஒடியும். வெயில்ல நாத்து நட்டவளுக்கும் ஏசியில உக்காந்தவளுக்கும் வித்தியாசம் இருக்குமா இருக்காதா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, நான் அதை முள்ளோடு மென்று தின்னும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்காக அவர் வேலையை விட்டுவிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

குழந்தையைத் தூக்கக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்த பிறகு யாராவது அவளை என் மடியில் வைக்க வேண்டும். தவழ ஆரம்பித்ததும் அவளாகவே ஏறப் பழகினாள். குழந்தைகள் தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்துமே, அதை அவள் அத்தையிடம் செய்வாள், அப்பாவிடம் செய்வாள், பக்கத்து வீட்டு அக்காவிடமும் செய்வாள். என்னிடம் செய்ததில்லை. நான் நின்றுகொண்டிருந்தால் வந்து என் புடவையைப் பிடித்துக் கீழே இழுப்பாள். உட்கார் என்று அர்த்தம். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. போன மாதம் டாக்டர் "இப்ப கொஞ்ச தூரம் தூக்கலாம், முட்டியை மடக்கி, உடம்போட ஒட்டி" என்று சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து முட்டியை மடக்கி, கையை நீட்டி "வா, அம்மா தூக்குறேன்" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து நடத்திக் கட்டிலுக்குக் கூட்டிப்போனாள்.

சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலோரம் பெண்கள் முகத்தைச் சுற்றிக்கொண்டு தூங்குவார்கள். கத்திச் சொல்ல வேண்டும் போல இருக்கும்: துணியை எடுங்கள், தயிரைச் சாப்பிடுங்கள், எலும்பு சேருகிற வயது இதுதான். பஸ் போய்விடும்.

ஊசி மருந்தின் காலம் இப்போது முடிகிறது. புதிய ஸ்கேனில் நல்ல ஏற்றம் என்றார்கள். நசுங்கிய நான்கும் நசுங்கியவைதான், அவை பழையபடி எழும்பாது. மற்ற எலும்புகள் கெட்டிப்பட்டிருக்கின்றன. ஆனால் ஊசியை நிறுத்தினால் சேர்ந்தது மெல்ல இறங்கிவிடும், அதைக் காப்பாற்ற அடுத்த மருந்து வேண்டும் என்கிறார் டாக்டர். அது எலும்பிலேயே தங்குகிற அந்த முதல் வகை மருந்து. "இன்னொரு குழந்தை வேணும்னா இப்பவே சொல்லுங்க, வேற மாதிரி திட்டம் போடணும். வேணாம்னா ஆரம்பிச்சிடலாம். மறுபடி இப்படி ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன், ஆகும்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

கணவர் "உன் ஒடம்பு, நீயே சொல்லு. எனக்கு இவ ஒருத்தி போதும்" என்கிறார். அத்தை ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் யார் வீட்டிலாவது இரண்டாவது குழந்தை என்றால் அங்கே ஒரு நாள் அதிகம் தங்கிவிட்டு வருகிறார். அம்மா, "ஒத்தப் பிள்ளையா விட்டுராதட்டி" என்கிறாள். எனக்கு வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஒரு குழந்தையையாவது பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்க்க வேண்டும் என்கிற ஆசை அது. இன்னொன்றைத் தூக்க ஆசைப்பட்டு, இருக்கிறவளுக்கு எழுந்து நடக்கிற அம்மாகூட இல்லாமல் ஆகிவிடுமோ என்கிற பயமும் கூடவே வருகிறது.

இந்த முறை ஹோல்ட் தட்டு கிடையாது. அடுத்த மாதம் பதில் சொல்லியாக வேண்டும். இப்படி முதுகெலும்பு நசுங்கிய பிறகு இரண்டாவது குழந்தை பெற்றவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? சுமந்த மாதங்களில் உங்கள் முதுகு தாங்கியதா? முதல் நாளிலிருந்தே புட்டிப்பால் கொடுத்தீர்களா, சில வாரமாவது தாய்ப்பால் கொடுக்க விட்டார்களா? ஒன்று போதும் என்று முடிவு செய்து அந்த மருந்தை எடுத்துக்கொண்டவர்களும் எழுதுங்கள். சில வருடம் கழித்து மனம் என்ன சொல்கிறது என்று உள்ளபடி எழுதுங்கள். தைரியம் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.